ஓடினால் தசை கரையுமா? பளு தூக்கினால் ஹார்மோன் ஏறுமா? குழப்பத்தைத் தீர்த்து வையுங்கள்

#1 பிறைவாசி
சனி, காலை 8.15

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 38. பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் தொழிற்சாலை வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். உயரம் 170 செ.மீ., எடை 71 கிலோ. பார்ப்பவர்கள் எல்லாரும் "உனக்கென்ன, ஒல்லிதானே" என்கிறார்கள். ஆனால் இடுப்புச் சுற்றளவு 95 செ.மீ. சென்ற மாதம் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தம் எடுத்ததில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 6.1 வந்தது. நம் மலேசியக் கணக்கில் 6.3 தொட்டால் இனிப்பு நீர் (நீரிழிவு) என்று எழுதிவிடுவார்கள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அந்த நோய் உண்டு, அதனால் பயமாக இருக்கிறது.

பட்டர்வொர்த்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். அங்குள்ள பயிற்சியாளர் முதல் நாளே ஓட்டத்தை விட்டுவிடச் சொன்னார். ஓடினால் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் ஏறித் தசையைத் தின்றுவிடுமாம், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சரிந்துவிடுமாம். ஸ்குவாட் (பளுவோடு குந்தி எழுதல்), டெட்லிப்ட் (தரையிலிருந்து பளு தூக்குதல்) இரண்டும் செய்தால் டெஸ்டோஸ்டிரோனும் வளர்ச்சி ஹார்மோனும் பொங்கி வந்து வயிறு தானாக வற்றுமாம். தாவரவியல் பூங்காவில் தினமும் நடக்கும் என் மாமாவைக் கேட்டால், "இரும்பைத் தூக்கி என்ன ஆகப்போகிறது, நடந்தாலே போதும்" என்கிறார்.

யார் சொல்வதைக் கேட்பது? படித்தவர்கள், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 கொடிமலை
சனி, காலை 9.02

ஓட்டத்தை விடாதீர்கள் அண்ணே. தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து கொடிமலை உச்சிக்குப் போகும் ஜீப் பாதை ஐந்து கிலோமீட்டர் சொச்சம், முழுக்க ஏற்றம். ஞாயிறு விடியற்காலை அங்கே போய் நின்று பாருங்கள். அறுபதைத் தாண்டிய சீனத் தாத்தாக்கள் கையில் ஒரு துண்டும் தண்ணீர்ப் போத்தலுமாகப் பேச்சு நிற்காமல் ஏறுவார்கள். முன்னால் போகிறவரின் கெண்டைக்காலைக் கவனியுங்கள். ஒவ்வோர் அடிக்கும் தசை இறுகி, நடுவில் ஒரு கோடு விழும். கார்ட்டிசோல் தின்ற கால்களா அவை?

வயிற்றுக் கொழுப்புக்கு மூச்சு வாங்கும் பயிற்சியை மிஞ்சியது இல்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் எட்டு மாதம் ஒப்பிட்டுப் பார்த்து 2011-இல் வெளியிட்டார்கள். விரைவு நடை, மெது ஓட்டம் செய்தவர்களுக்குக் குடலையும் கல்லீரலையும் சுற்றிய கொழுப்பு குறைந்தது. பளு மட்டும் தூக்கியவர்களுக்கு அது அசையவில்லை, தோலுக்கு அடியில் இருந்த வயிற்றுக் கொழுப்புதான் குறைந்தது. இனிப்பு நீரைக் கூட்டி வருவது உள்ளே இருக்கும் கொழுப்பு.

#3 பளுப்பிரியன்
சனி, காலை 10.40

கொடிமலை அண்ணன் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறார். நெடுந்தூரம் ஓடுபவர்களின் தோளையும் மார்பையும் பாருங்கள், வற்றிப்போயிருக்கும். ஆண்டுக்கணக்கில் அதிகத் தூரம் ஓடும் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்து காணப்படுவது ஆராய்ச்சியில் பதிவான செய்தி. பெருந்தசைகளுக்குக் கனமான பளு கொடுத்தால் டெஸ்டோஸ்டிரோனும் வளர்ச்சி ஹார்மோனும் இரத்தத்தில் ஏறுவதும் பதிவான செய்திதான். பயிற்சியாளர் காற்றிலிருந்து பிடித்துச் சொல்லவில்லை.

பிறைவாசி, உங்களிடம் இருப்பது குறைந்த தசை, நிறைந்த கொழுப்பு. ஓடி ஓடி இருக்கிற தசையையும் இழக்காதீர்கள்.

#4 இயன்முறை
சனி, பிற்பகல் 2.25

பினாங்குத் தீவிலும் அக்கரையிலும் பல ஆண்டுகளாக இயன்முறை சிகிச்சை செய்பவன் நான். பளுப்பிரியன் சொன்ன இரண்டும் பதிவானவைதான், மறுக்கவில்லை. அந்த அரை உண்மையை வைத்துக்கொண்டு, இனிப்பு நீர் வரும் நிலையில் இருக்கும் ஒருவரை ஓட்டத்திலிருந்து விரட்டுவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கார்ட்டிசோல். அது பகைவன் அல்ல. கண்விழித்த அரை மணி நேரத்தில் அது இயல்பாகவே உச்சத்துக்குப் போகிறது. பயிற்சியின்போது கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவதற்கும், கொழுப்புத் திசு கொழுப்பமிலங்களை அவிழ்த்துக் கொடுப்பதற்கும் அது உதவுகிறது. வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் ஒன்றைக் காட்டினார்கள். அரை மணி நேரப் பயிற்சியை ஒருவரின் உச்சத் திறனில் 40 விழுக்காடு, 60 விழுக்காடு, 80 விழுக்காடு என்று மூன்று வேகத்தில் செய்யவைத்தார்கள். 60-லும் 80-லும் கார்ட்டிசோல் ஏறியது. 40-இல், அதாவது பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில், அது இறங்கியது. ஆக, "நடந்தால், ஓடினால் கார்ட்டிசோல்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல இடமே இல்லை. இன்னொன்றையும் பயிற்சியாளரிடம் கேளுங்கள். குறைந்த ஓய்வோடு கனமான ஸ்குவாட் செய்தாலும் கார்ட்டிசோல் நன்றாகவே ஏறும். அப்போது மட்டும் அது தசையைத் தின்னாதா?

பயிற்சியில் ஏறும் கார்ட்டிசோல் சிறிது நேரத்தில் இறங்கிவிடும். கெடுதல் செய்வது இறங்காமல் நிற்கும் கார்ட்டிசோல். தூக்கமின்மை, மாறாத மனஉளைச்சல், நீண்டகாலம் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவை அந்த வகை.

அடுத்தது டெஸ்டோஸ்டிரோன். கனமான பளுவுக்குப் பிறகு அது ஏறுவது உண்மை. ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்புவதும் உண்மை. அந்தச் சிறு ஏற்றம் தசையை வளர்க்கிறதா என்பதுதான் கேள்வி. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டுவர்ட் பிலிப்ஸ் குழு இதை அழகாகச் சோதித்தது. 12 இளைஞர்கள். ஒரு கைக்குத் தனியாகப் பயிற்சி. மறு கைக்கு அதே பயிற்சி, ஆனால் உடனே கனமான கால் பயிற்சியும் சேர்த்து. கால் பயிற்சியால் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனும் வளர்ச்சி ஹார்மோனும் எகிறின. 15 வாரம் கழித்து அளந்தால் இரண்டு கைகளும் ஒரே அளவுக்குத்தான் வளர்ந்திருந்தன. 2010-இல் வெளியானது. ஒரே மனிதரின் இரண்டு கைகள் என்பதால் உணவு, உறக்கம், மரபு எதுவும் குறுக்கே வர வழியில்லை.

தசை வளர்வது இழைகள் தாங்கும் இழுவிசையால். அந்தச் செய்தி தசைக்குள்ளேயே பிறந்து அங்கேயே வேலை செய்கிறது. ஆகவே ஹார்மோனுக்காகப் பயிற்சியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தசைக்குப் போதுமான வேலை கொடுங்கள்.

ஓட்டக்காரர்களின் டெஸ்டோஸ்டிரோன் குறைவு, ஆண்டுக்கணக்காக வாரத்துக்கு மிக அதிகத் தூரம் ஓடுபவர்களிடம் காணப்படுவது. செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாமல் ஓடுபவர்களுக்கும் குறையும். வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம் மெதுவாக ஓடப்போகும் பிறைவாசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"ஓட்டம் பளுவைக் கெடுக்கும்" என்ற பேச்சு 1980-இல் ஹிக்சன் என்பவர் செய்த ஆய்விலிருந்து வருகிறது. அவர் வாரத்துக்கு ஐந்து நாள் பளுவும் ஆறு நாள் கடுமையான ஓட்டமும் சைக்கிளும் சேர்த்துக் கொடுத்தார். ஏழெட்டு வாரம் கழித்துப் பலம் ஏறுவது நின்றது. யார் அப்படிப் பயிற்சி செய்கிறார்கள்? இரண்டையும் அளவோடு செய்பவருக்குத் தசை வளர்ச்சி குறைவதில்லை என்றுதான் பின்வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

கடைசியாக, பிறைவாசிக்கு உண்மையில் முக்கியமான ஹார்மோனைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. அது, இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைக்குள் அனுப்பும் இன்சுலின். இரத்தத்தில் இன்சுலின் நிறைந்திருக்கும்போது உள்ளே இழுக்கப்படும் சர்க்கரையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எலும்புத்தசைதான் வாங்கிக்கொள்கிறது. தசை குறைந்தால் வாங்கும் இடம் குறைகிறது. தசை நிறைய இருந்தும் அசையாமல் கிடந்தால் வாங்க மறுக்கிறது. பளு முதலாவதைச் சரிசெய்யும், நடையும் ஓட்டமும் இரண்டாவதைச் சரிசெய்யும். தசை சுருங்கும்போது, இன்சுலின் வந்து தட்டாமலேயே சர்க்கரைக்கான வாயிலைத் திறந்துவிடும். பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு நாள் வரை தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கும். பிறகு மங்கிவிடும். இதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்க வேண்டாம் என்று நோயாளிகளிடம் வற்புறுத்துகிறேன்.

#5 பளுப்பிரியன்
சனி, பிற்பகல் 3.10

இரண்டு கை ஆய்வை நான் படித்ததில்லை. ஏற்றுக்கொள்கிறேன், வலுவான ஆய்வு. ஆனால் வளர்ச்சி ஹார்மோன் கொழுப்பைக் கரைக்கும் என்பதாவது சரிதானே?

#6 இயன்முறை
சனி, பிற்பகல் 3.34

கரைக்கும், ஆனால் தனியாக அல்ல. பயிற்சியில் கொழுப்பு அவிழ்வதற்கு முதல் கட்டளை அட்ரினலினும் நோர் அட்ரினலினும் தருபவை. வளர்ச்சி ஹார்மோன் சற்றுப் பின்னால் வந்து சேர்கிறது. அதோடு, வேகமாக ஓடினாலும் வளர்ச்சி ஹார்மோன் ஏறும். அது பளுவுக்கு மட்டும் உரியதல்ல.

அவிழ்ந்த கொழுப்பமிலம் எரிக்கப்படாவிட்டால் மீண்டும் போய்ச் சேமிப்பில் உட்கார்ந்துகொள்ளும். அதை எரிக்கும் இடம் அசைகிற தசை. உள்ளுறுப்புகளைச் சுற்றிய கொழுப்பைப் பற்றி டென்மார்க்கில் பெண்டே பெடர்சன் குழு சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2019-இல் வந்தது. வயிறு பெருத்தவர்களை 12 வாரம் சைக்கிள் மிதிக்கவைத்தார்கள். மருந்து எதுவும் இல்லாமல் மிதித்தவர்களுக்கு உள்கொழுப்பு குறைந்தது. ஆனால் இன்டர்லூக்கின் 6 என்ற பொருளைத் தடுக்கும் மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்கு, அதே அளவு மிதித்தும் குறையவில்லை. அந்த இன்டர்லூக்கின் 6, வேலை செய்யும் தசையே இரத்தத்தில் விடும் ஒரு தூது. தசையும் ஒரு சுரப்பிதான் என்று சொல்லும் அளவுக்கு இந்தத் துறை வளர்ந்துவிட்டது. படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

#7 ஜெலுத்தோங் அக்கா
சனி, இரவு 8.50

ஆண்கள் எல்லாரும் டெஸ்டோஸ்டிரோனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு 53 வயது. மாதவிலக்கு நின்று இரண்டு ஆண்டு ஆகிறது. சாப்பாடு கூடவில்லை, நடையும் குறையவில்லை. வாரம் தவறாமல் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி ஏறுகிறேன். எடைக்கருவி பழைய எண்ணைத்தான் காட்டுகிறது. ஆனால் பாவாடை நாடா பழைய முடிச்சில் நிற்பதில்லை, ரவிக்கை கை மட்டும் தொளதொளவென்று இருக்கிறது. கொழுப்பு கையிலிருந்து வயிற்றுக்குக் குடிபெயர்ந்துவிட்டதா? என் மகள் பளு தூக்கச் சொல்கிறாள். இந்த வயதில் அது ஆகுமா தம்பி?

#8 இயன்முறை
சனி, இரவு 9.35

அக்கா, கேட்டதற்கு நன்றி. நீங்கள் கண்ணால் கண்டதுதான் நடக்கிறது. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை பெண்களுக்குக் கொழுப்பு பெரும்பாலும் இடுப்புக்குக் கீழும் தொடையிலும் சேரும். அது குறைந்ததும் வயிற்றுக்குள் சேரத் தொடங்கும். கூடவே தசை குறைகிறது. ரவிக்கைக் கை தளர்ந்தது அதனால். கொழுப்பு ஏறியதும் தசை இறங்கியதும் சரிக்குச் சரியாகிவிட்டதால் எடைக்கருவி எதையும் காட்டவில்லை. எலும்பின் அடர்த்தியும் இந்த ஆண்டுகளில் வேகமாகக் குறையும், அதை எந்த எடைக்கருவியும் சொல்லாது.

படி ஏறுவதை விடாதீர்கள். இதயத்துக்கும் தொடைக்கும் அருமையான பயிற்சி. ஆனால் அதில் முதுகெலும்புக்கும் கைகளுக்கும் வேலை குறைவு.

பளு ஆகுமா என்று கேட்டீர்கள். ஆஸ்திரேலியாவின் கிரிபித் பல்கலைக்கழகத்தில் 58 வயதைத் தாண்டிய, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், கண்காணிப்போடு கனமான பளு: டெட்லிப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்குதல், கொஞ்சம் குதித்தல். எட்டு மாதத்தில் அவர்களுடைய கீழ்முதுகெலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி செய்த மறு பாதிக்கு 1.2 விழுக்காடு குறைந்தது. கண்காணிப்போடு என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். முதல் மாதம் முழுக்க உடல் அசைவைப் பழகத்தான் கொடுத்தார்கள், பளு பிறகுதான் ஏறியது.

நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவதில் தொடங்குங்கள். பிறகு ஐந்து கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து, முதுகை வளைக்காமல், இடுப்பை மடித்துத் தூக்கிப் பழகுங்கள். எலும்பு அடர்த்தி சோதனை எடுத்துவிட்டு, நேரில் பார்த்துத் திருத்தக்கூடிய ஒருவரிடம் போய்ப் பளுவைக் கூட்டுங்கள்.

#9 நிலா
சனி, இரவு 11.20

இந்த இழையைப் பார்த்ததும்தான் கேட்கத் துணிவு வந்தது. எனக்கு 26 வயது, சினைப்பை நீர்க்கட்டி நோய். மாதவிலக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. தாடையில் முடி. உறவுக்காரர்கள் ஒவ்வொரு விசேஷத்திலும் என் உடம்பைப் பற்றிப் பேசுகிறார்கள். பளு தூக்கினால் ஆண் ஹார்மோன் இன்னும் கூடிவிடும், ஓடு என்கிறார்கள். உண்மையா?

#10 தாதி
ஞாயிறு, காலை 7.05

நிலா, கேட்டுவிட்டீர்கள், நல்லது. கிளினிக்கில் தாதியாக இருப்பதால் உங்களைப் போன்ற பெண்களை நிறையப் பார்க்கிறேன். வெட்கப்பட்டே ஆண்டுகளைக் கழித்துவிடுகிறார்கள்.

பளு தூக்கினால் உங்களுக்கு ஆண் ஹார்மோன் அதிகரிக்காது. இந்த நோயில் பலருக்கு அதைக் கூட்டுவது அதிகப்படியான இன்சுலின். உடல் இன்சுலினுக்குச் செவிசாய்க்காதபோது கணையம் இன்னும் சுரக்கிறது. அந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைச் சுரக்கவைக்கிறது. அதே நேரத்தில், அந்த ஹார்மோனைக் கட்டிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் செய்கிறது. கட்டப்படாமல் திரியும் ஹார்மோன் தாடையில் முடியாக முளைக்கிறது. ஆகவே இன்சுலினைத் தணிக்கும் எந்தப் பயிற்சியும் உங்களுக்கு மருந்து. 2023-இல் வெளியான அனைத்துலக வழிகாட்டி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடக் கடுமையான பயிற்சியோ, கூடவே அடுத்தடுத்து இல்லாத இரண்டு நாள் தசைப் பயிற்சியும் செய்யச் சொல்கிறது. ஒரு வகை இன்னொன்றைவிடச் சிறந்தது என்று அது அடித்துச் சொல்லவில்லை. எதை உங்களால் விடாமல் செய்ய முடியுமோ அதைச் செய்யுங்கள். எடை இறங்காவிட்டாலும் பயன் உண்டு, அதை மட்டும் மனத்தில் பதியவையுங்கள்.

மாறாக, ஒல்லியாகவும் கடுமையாகப் பயிற்சி செய்பவராகவும் இருக்கும் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றால், சாப்பாடு பயிற்சிக்குப் போதவில்லை என்று பொருள். மூளை இனப்பெருக்க ஹார்மோன்களை அணைத்துவிடுகிறது, எலும்பும் சேர்ந்து தேய்கிறது. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் ஓடும் பெண்களின் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். "ஓடுகிற பிள்ளைக்கு அப்படித்தான்" என்று விட்டுவிடக்கூடாது.

#11 தாதி
ஞாயிறு, காலை 7.40

பிறைவாசிக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், அதனால் இன்னொரு பதிவு.

உங்கள் பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 24.6. மேல்நாட்டுப் பட்டியலில் அது சரியான எடை. நம் மலேசிய வழிகாட்டியில் 23-க்கு மேல் போனாலே கூடுதல் எடை, 27.5-இல் உடற்பருமன். இடுப்பு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. 2023-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் வயது வந்தோரில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ பருமனோ கொண்டவர்கள். நம் இந்தியர்கள் இதிலும் இனிப்பு நீரிலும் முன்வரிசையில் நிற்கிறோம். கிளினிக் வாசலில் காலை ஏழு மணிக்கு எண் எடுத்து உட்கார்ந்திருக்கும் நம் மக்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

ஏன் நமக்கு மட்டும் என்று கேட்பவர்களுக்கு 2004-இல் லான்செட் இதழில் வந்த ஒரு படத்தைச் சொல்வேன். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. எடையும் உயரமும் ஒரே விகிதம், உள்ளே இரண்டு வேறு உடம்பு. "உனக்கென்ன, ஒல்லிதானே" என்று உங்களிடம் சொல்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

நம்பிக்கை தரும் செய்தியும் சென்னையிலிருந்தே இருக்கிறது. டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உங்களைப் போல் எல்லையில் நின்றவர்களுக்கு நடையும் உணவு மாற்றமும் சொல்லிக்கொடுத்துத் தொடர்ந்து பின்பற்றவைத்தார்கள். நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களுக்கு எடை இறங்கவே இல்லை. எடை இறங்காமலே நோய் தள்ளிப்போனது!

#12 ஓய்வுபெற்ற ஆசிரியர்
ஞாயிறு, காலை 9.15

தாதி அம்மாவுக்கு வணக்கம். வயது 67. இனிப்பு நீருக்குக் கிளிக்லசைட், மெட்போர்மின் மாத்திரைகள் இரண்டும் எடுக்கிறேன். சென்ற வாரம் பேரனோடு போட்டி போட்டு வேகமாகப் படி ஏறிவிட்டு வந்து விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தேன். போகும்போது 7.2 மில்லிமோல், வந்ததும் 9.1. பயிற்சி செய்தால் இறங்கும் என்கிறீர்கள், ஏறியிருக்கிறதே? பயந்து நிறுத்திவிட்டேன்.

#13 தாதி
ஞாயிறு, காலை 10.00

ஐயா, நிறுத்த வேண்டாம். மூச்சு முட்டும் வேகத்தில் போகும்போது அட்ரினலின் கல்லீரலை நெருக்கிச் சர்க்கரையை வெளியே தள்ளவைக்கும். தசை அதை அதே வேகத்தில் வாங்கிக்கொள்ளாது. அதனால் சற்று நேரம் ஏறித் தெரியும், பிறகு இறங்கும். மிதமாக நடந்திருந்தால் நேரே இறங்கியிருக்கும்.

எனக்குக் கவலை உங்கள் கிளிக்லசைட்தான். அது கணையத்தை அழுத்தி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. பயிற்சியோடு சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். புறப்படுமுன் குத்திப் பாருங்கள், 5-க்குக் கீழ் இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சட்டைப் பையில் மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். பேரனோடு போட்டி வேண்டுமென்றால் முதலில் டாக்டரிடம் இதயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வயதுக்குச் சாப்பாட்டுக்குப் பின் நடப்பது அருமையானது. 60 தாண்டியவர்களிடம் 2013-இல் நடந்த ஓர் ஆய்வில், மூன்று வேளையும் சாப்பிட்டபின் 15 நிமிடம் நடந்தது நாள் முழுவதும் சர்க்கரையைத் தணித்தது. குறிப்பாக இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வரும் ஏற்றத்தை அடக்கியது. அடுக்குமாடியில் இருந்தால் தாழ்வாரத்திலேயே நடக்கலாம்.

#14 இயன்முறை
ஞாயிறு, காலை 10.30

ஐயாவுக்கு ஒரு சொல். வெறும் நடையோடு சாப்பாட்டைக் குறைத்து எடையிறக்க முனைந்தால் தசையும் சேர்ந்து போகும். 65 வயதைத் தாண்டிய பருமனான 160 பேரிடம் செய்து 2017-இல் வெளியான ஆய்வில், எல்லாப் பயிற்சிக் குழுவுக்கும் ஏறத்தாழ ஒரே எடைதான் இறங்கியது. ஆனால் நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்கள் அதிகத் தசையை இழந்தார்கள். பளுவும் நடையும் சேர்த்துச் செய்தவர்கள்தான் அன்றாட வேலைகளில் அதிகம் முன்னேறினார்கள். பளுவுக்குப் பதிலாக இழுத்துப் பயிற்சி செய்ய ரப்பர் பட்டை ஒன்று வாங்குங்கள், பத்திருபது வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும்.

#15 நிர்வாகி
ஞாயிறு, காலை 11.10

டெஸ்டோஸ்டிரோன் ஏற்றும் காப்பித்தூள் விற்ற பதிவு நீக்கப்பட்டது. உறுப்பினர்களே, சுகாதார அமைச்சின் மால் (MAL) பதிவு எண் இல்லாத எந்த மருந்தையும் வாங்காதீர்கள். பெட்டியில் எண் இருந்தாலும் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத்தளத்தில் தட்டிச் சரிபாருங்கள். ஊசி வழியாக டெஸ்டோஸ்டிரோன் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களுக்கு: வெளியிலிருந்து வந்தால் மூளை தன் கட்டளையை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி குறைந்துபோகும். குழந்தைக்காக ஏங்கும் தம்பதிகளை நாம் எல்லாரும் அறிவோம்.

#16 பளுப்பிரியன்
ஞாயிறு, பிற்பகல் 1.20

நிர்வாகி சொன்னதை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். என் கூடத்தில் இருபது வயதுப் பையன்கள் ஊசிக்குப் போவதைப் பார்த்து வயிறு எரிகிறது.

பிறைவாசி, கூடத்தில் காலடித் தட்டில் நின்று கொழுப்பு விழுக்காடு பார்க்கும் கருவி இருக்கும். மாதாமாதம் அதில் ஏறிப் பாருங்கள்.

#17 கொடிமலை
ஞாயிறு, பிற்பகல் 2.05

அந்தக் கருவியை அப்படியே நம்ப வேண்டாம். உடம்பில் மெல்லிய மின்சாரத்தை ஓடவிட்டு, நீரின் அளவை வைத்துக் கொழுப்பைக் கணிக்கிறது. ஓடி வியர்த்துவிட்டு ஏறினால் ஓர் எண், இரண்டு குவளை தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் வேறோர் எண். பார்ப்பதானால் காலையில், வெறும் வயிற்றில், கழிவறை போய்வந்தபின், எப்போதும் அதே கருவியில்.

அதைவிடத் தையல் நாடா மேல். சட்டையைத் தூக்கி, விலாவின் கடைசி எலும்பை விரலால் தேடுங்கள். பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளியே விட்டபின் படியுங்கள். நாடா தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. தொப்புளுக்குக் கீழே பேண்ட் நிற்கும் இடத்தில் அளந்து "எனக்கு 85தான்" என்று மகிழ்பவர்கள்தான் நம்மில் அதிகம்.

இன்னொன்று. மலை இறங்கியதும் நேரே மாமாக் எனப்படும் இந்திய முஸ்லிம் உணவுக்கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் என்று உட்காராதீர்கள். ஒரு ரொட்டியே சுமார் 300 கலோரி. கடும் பயிற்சி பசி ஹார்மோனான கிரெலினைச் சிறிது நேரம் தணிக்கும். பசி இல்லாமலே பழக்கத்தால் சாப்பிடுகிறோம்.

#18 பிறைவாசி
ஞாயிறு, இரவு 9.30

எல்லாருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஓட்டத்தை விடப்போவதில்லை. பளுவுக்கு வாரத்தில் இரண்டு நாள், ஓட்டத்துக்கு மூன்று நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடை என்று வைத்துக்கொள்கிறேன். மாமாவையும் ரப்பர் பட்டை வாங்க வைக்கிறேன். ஒரு கேள்வி மட்டும் பாக்கி. இரவு ஷிப்ட் வாரத்தில் பகலில் நான்கைந்து மணி நேரம்தான் தூக்கம். அந்த வாரம் பயிற்சியை எப்படிச் செய்வது?

#19 இயன்முறை
ஞாயிறு, இரவு 10.15

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் தம்பி, இதுதான் உங்கள் ஹார்மோன்களுக்குப் பெரிய அடி. இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவைத்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில் பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 விழுக்காடு குறைந்தது. ஸ்குவாட்டால் ஒரு மணி நேரம் ஏறுவதைப் பற்றிப் பேசிய பயிற்சியாளர் இதைக் கேட்டாரா?

2010-இல் வந்த இன்னோர் ஆய்வில், உணவைக் குறைத்தவர்களை ஒரு முறை எட்டரை மணி நேரமும் ஒரு முறை ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் வைத்தார்கள். எடை ஒரே அளவுதான் இறங்கியது. தூக்கம் குறைந்தபோது அதில் கொழுப்பின் பங்கு பாதிக்கும் கீழே போய், தசையின் பங்கு கூடியது.

இரவு ஷிப்ட் வாரத்தில் கடும் ஓட்டம் வேண்டாம். வேலைக்குப் போகுமுன் அரை மணி நேரம் பளு, பாதி அளவு போதும். வேலை முடிந்து திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அறையில் தடித்த திரை போடுங்கள், கைபேசியை வெளியே வையுங்கள். ஏழு மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்க முடியாவிட்டால் ஐந்தும் இரண்டுமாகப் பிரித்துத் தூங்குங்கள். பயிற்சிக்கும் தூக்கத்துக்கும் நேரம் முட்டினால் அந்த வாரம் தூக்கத்துக்கே கொடுங்கள்.

#20 தாதி
ஞாயிறு, இரவு 10.40

சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால் எச்பிஏ1சி மூன்று மாதத்துக் கணக்கைத்தான் காட்டும். அடுத்த மாதமே ஓடிப்போய் எடுத்துவிட்டு மாறவில்லை என்று மனம் உடையாதீர்கள். மூன்று மாதம் கழித்துத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கே கொழுப்புச் சோதனையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நாடா அளவுகளையும் எழுதி எடுத்துப் போங்கள், டாக்டர் பார்க்கட்டும். வந்த எண்ணை இங்கே பதிவிடுங்கள் தம்பி.